புதுப் பல்பும் போகிறதே, ஏன்?

இரவு நேரம். நெடுஞ்சாலையில் ஒரு கார் ஓடிக்கொண்டிருக்கிறது. பின் சீட்டில் குழந்தைகள் தூங்குகிறார்கள்.

இடது பக்க விளக்கு போய் ஒரு வாரம் ஆகிறது. "பிறகு பார்க்கலாம்" என்று விட்டுவிட்டார் காரை ஓட்டுகிறவர்.

திடீரென்று வலது பக்க விளக்கும் அணைந்தது! எங்கும் ஒரே இருட்டு. சாலை ஓரத்தில் நிற்கும் லாரி தெரியவில்லை. வளைவும் தெரியவில்லை.

ஒரு விளக்குடன் போவதும் ஆபத்துதான். எதிரே வருகிறவர் அதை மோட்டார் சைக்கிள் என்று நினைத்து நெருங்கி வந்துவிடுவார்.

பல்பு ஆயுள் முடிந்து போவது இயற்கை. ஆனால், மாற்றிய சில வாரங்களிலேயே மறுபடியும் போனால்? "மட்டமான பல்பு" என்று கடைக்காரரைத் திட்டுவது வழக்கம். பல சமயங்களில் குற்றவாளி பல்பு அல்ல. வண்டியில் இருக்கும் கோளாறை அது காட்டிக்கொடுக்கிறது!

பல்புக்குள் என்ன?

இப்போது பல கார்கள் எல்.இ.டி. விளக்குடன் வருகின்றன. ஆனால் ஆலஜன் பல்பு உள்ள கார்களும் ஏராளம். 1962-ல் ஐரோப்பாவில் கார்களுக்கு வந்த பல்பு இது.

உள்ளே மெல்லிய டங்ஸ்டன் கம்பிச் சுருள் இருக்கும். டங்ஸ்டன் உருக 3,400 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். சுருள் எரியும்போது டங்ஸ்டன் சிறிது சிறிதாக ஆவியாகிறது. அந்த ஆவியை மீண்டும் சுருளுக்கே கொண்டு சேர்ப்பது, உள்ளே இருக்கும் ஆலஜன் வாயு.

இந்த வேலை நடக்க, பல்பின் கண்ணாடி கொதிக்கும் சூட்டில் இருக்க வேண்டும்.

கை படலாமா?

கூடாது! விரலில் எண்ணெய்ப் பசை உண்டு. அது பட்ட இடம் மட்டும் அதிகமாகச் சூடேறும். கண்ணாடி கொப்புளித்துவிடும் அல்லது வெடித்துவிடும்.

பல்பை அடிப்பாகத்தில் பிடித்தே மாட்ட வேண்டும். தவறிக் கை பட்டுவிட்டால், ஸ்பிரிட்டில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்து உலரவிட வேண்டும்.

இரண்டு பக்கமும் போனால்...

இரண்டும் ஒரே நொடியில் அணைந்தால், முதலில் பியூஸைப் பார்க்க வேண்டும்.

பியூஸ் நன்றாக இருந்து, இரு பக்கப் பல்புகளும் மாறி மாறிப் போனால் வோல்டேஜ் மீது சந்தேகம் கொள்ள வேண்டும். வோல்டேஜ் 5 சதவீதம் கூடினாலே பல்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும்!

மெக்கானிக் மீட்டரை எடுத்து பாட்டரியில் வைப்பார். எஞ்சின் ஓடாதபோது 12.6 வோல்ட் அளவில் காட்டும். ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.5 முதல் 14.5 வரை இருக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. அதைச் சரிசெய்யாமல் எத்தனை பல்பு மாற்றினாலும் வீண்தான்.

வேறு அடையாளமும் உண்டு. எஞ்சின் வேகம் கூடும்போது விளக்கு பளிச்சென்று எரியும். பாட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றும்.

ஒரே பக்கம் போனால்...

கோளாறு அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

1. விளக்குக் கூட்டின் உள்ளே நீர்த்துளி நிற்கிறதா? சூடான பல்பில் துளி பட்டால் கண்ணாடி விரியும். பின்புற ரப்பர் மூடியை மாற்ற வேண்டும்.

2. விளக்குக் கூடு ஆடுகிறதா? அதிர்ச்சியில் சுருள் அறுந்துவிடும். திருகுகளை முடுக்க வேண்டும்.

3. ஹோல்டர் கறுத்து உருகியிருக்கிறதா? எர்த் வயர் துருப்பிடித்திருக்கிறதா? அப்படியானால் பல்பே போயிருக்காது! மின்சாரம் சரியாகப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். துருவைச் சுரண்டி எடுத்து, புது ஹோல்டர் போட்டால் விளக்கு எரியும்.

போன பல்பு பேசும்

கழற்றிய பல்பை எறிந்துவிடக் கூடாது. கண்ணாடியில் கொப்புளம் இருந்தால், கை பட்டது காரணம். உள்ளே வெள்ளைப் புகை படிந்திருந்தால், காற்று புகுந்துவிட்டது என்று பொருள்.

ஆசை ஆபத்து!

"வெளிச்சம் போதவில்லை" என்று 100 வாட் பல்பை மாட்டுகிறவர்கள் உண்டு. 12 வோல்ட்டில் 60 வாட் பல்புக்கு 5 ஆம்பியர் போதும். 100 வாட்டுக்கு 8 ஆம்பியருக்கு மேல் வேண்டும். அதைத் தாங்காமல் வயர் சூடாகும். ஹோல்டர் உருகும். எதிரே வருகிறவருக்கும் கண் கூசும்.

ஒரு பக்கப் பல்பு வயதாகிப் போனால், மறு பக்கத்துப் பல்புக்கும் அதே வயதுதான். இரண்டையும் ஒன்றாக மாற்றுவதே நல்லது.

"பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப்போடக் கூடாத வேலை இது. பின் சீட்டில் தூங்கும் குழந்தைகள், அந்த இரண்டு விளக்குகளை நம்பித்தான் தூங்குகிறார்கள்!