ஜூரோங் நீர்ப்பிடிப்பும் நிருவாக ஒருங்கிணைப்பும்

ஜூரோங் ஆற்றின் குறுக்கே அணையிட்டு உருவாக்கப்பட்டதே ஜூரோங் ஏரியாகும். சுற்றுப்புற மழைநீர் வடிகால்கள் வழியே இதனை அடைவதால், வெள்ளத் தடுப்பும் குடிநீர்ச் சேமிப்பும் ஈண்டு ஒரே சிக்கலின் இரு கூறுகளாகின்றன.

1963இல் நிறுவப்பட்ட பொதுப் பயனீட்டுக் கழகம் குடிநீரை வழங்க, வடிகால், கழிவுநீர்த் துறைகள் சுற்றுப்புற அமைச்சின்கீழ் இயங்கின. 2001இல் அவை கழகத்துடன் இணைக்கப்பட்டன. 2014 முதல், 0.2 ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட பரப்பிலான புதிய கட்டுமானங்கள் மழைநீரின் ஒரு பகுதியைத் தம் வளாகத்திலேயே தேக்கி வெளியேற்றல் வேண்டும்.

சென்னையிலோ வடிகால்கள் மாநகராட்சியிடமும் ஆறுகள் மாநில நீர்வளத் துறையிடமும் உள்ளன. வடிகால் ஆற்றில் கலக்குமிடத்தில் பொறுப்பும் கைமாறுகின்றது. மாநில அடுக்கற்ற சிங்கப்பூரின் அமைப்பை அவ்வாறே பின்பற்றல் அரிது. ஆயினும், நிருவாக எல்லையை விடுத்து நீர்ப்பிடிப்புப் பகுதியையே திட்டமிடலின் அலகாகக் கொள்ளுதல் எங்கும் இயல்வதேயாகும்.