பழைய தொலைபேசிக்குப் புதுவாழ்வு

அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் பயின்ற மார்க் ஸ்பென்சர் என்ற மாணவர் 1999-ஆம் ஆண்டில் சிறு தொழிலொன்றைத் தொடங்கினார். அலுவலகத்திற்குத் தொலைபேசி இணைப்பகம் ஒன்று தேவைப்பட்டது, வாங்கப் பணமில்லை. எனவே, கம்ப்யூட்டரையே இணைப்பகமாக்கும் மென்பொருளைத் தாமே எழுதி, யாவர்க்கும் இலவசமாக வழங்கினார். அதுவே ‘ஆஸ்டெரிஸ்க்’. பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸை நிறுவி, இதனை ஏற்றிவிட்டால் நமக்கும் இணைப்பகம் தயார்.

இனிக் கருவிகள் வேண்டும். அலுவலகங்கள் கழித்துவிடும் மேசைத் தொலைபேசிகள் பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் விலையைக் கண்டு மயங்கலாகாது. நம் சங்கத்திற்கென வாங்கிய நான்கில் ஒன்று இன்றும் பெட்டியிலேயே உறங்குகிறது. சந்தாப் பணம் வீணாகாதிருக்க, வாங்குமுன் மூன்று செய்திகளை அறிதல் வேண்டும்.

முதலாவது, மொழி. இணைப்பகமும் கருவியும் உரையாட எஸ்.ஐ.பி. என்னும் பொதுமுறை உண்டு. அதனை அறிந்த கருவியே நமக்கு ஏற்றது. பழைய இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டியோடு வந்த டிஜிட்டல் கருவிகள் பெரும்பாலும் தம் நிறுவனத்தின் மொழியையன்றிப் பிறிதொன்றறியா. சாதாரண வீட்டுத் தொலைபேசியாயின், ஏ.டி.ஏ. என்னும் சிறு பெட்டியை இடையே வைத்துப் பயன்படுத்தலாம்.

இரண்டாவது, பூட்டு. சில கருவிகள் பழைய உரிமையாளரின் கடவுச்சொல்லைக் கேட்கும். சில, எல்லாவற்றையும் அழித்த பின்னும் பழைய நிறுவனத்தையே தேடி ஓடும். நம்மை ஏமாற்றியது இத்தகையதே. ஆகவே, கடையிலேயே மின்னிணைப்புக் கொடுத்து, அமைப்புப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது, மின்சாரம். சில கருவிகளுக்கு 5 வோல்ட், சிலவற்றிற்கு 12, சிலவற்றிற்கு 48. அடியிலுள்ள சீட்டைப் படிக்காமல் அடாப்டரைச் செருகினால் கருவி கருகிவிடக்கூடும். 2003-இல் வகுக்கப்பட்ட 802.3ஏ.எஃப். முறைக்கு உட்பட்டதாயின், அம்முறையிலேயே மின்சாரம் தரும் ஸ்விட்சு ஒன்றிருந்தால், வலைக்கம்பி வழியாகவே மின்சாரமும் வந்துவிடும்.

பின்னர்ச் செய்ய வேண்டியது எளிது. ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண்ணும் கடவுச்சொல்லும் ஆஸ்டெரிஸ்கில் எழுதுக. அவற்றையும் இணைப்பகத்தின் முகவரியையும் கருவியில் பதிக்க. மணி அடித்தும் குரல் கேட்கவில்லையா? அஞ்ச வேண்டாம். அழைப்புச் செய்தி ஒரு வழியிலும் குரல் வேறொரு வழியிலும் செல்வதால், இரண்டாம் வழியைத் தீச்சுவர் அடைத்திருக்கக்கூடும். ஓர் உரையாடலுக்கு ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 90 கிலோபிட் போதுமாதலால், வலையில் நெருக்கடி என்ற பேச்சுக்கே இடமில்லை.

இரண்டு எச்சரிக்கைகள்: பல்கலைக்கழக வலையைப் பயன்படுத்த அனுமதி பெறுக. இணைப்பகத்தை வெளி இணையத்திற்குத் திறந்து வைக்காதீர். எளிய கடவுச்சொல்லைத் தேடித் திரியும் திருடர் பலர்.

கைப்பேசி இருக்க இது எதற்கு என்று கேட்கலாம். கைப்பேசி ஒருவருடையது, செயலாளர் ஆண்டுதோறும் மாறுவார். சங்க அறையின் எண்ணோ மாறாது. ஊருக்குப் புதிதாய் வந்த மாணவன் நள்ளிரவில் காய்ச்சலோடு எழுந்து, விடுதி வாயிலிலுள்ள கருவியில் இரண்டு எண்களை அழுத்தினால், மறுமுனையில் தமிழ்க் குரலொன்று கேட்க வேண்டும். கருவியை நாம் வாங்கிவிட்டோம். எடுத்துப் பேச முறைவைத்து ஆள் வேண்டும்.