கூட்டு ஆய்வுகூடத்தில் வர்த்தகருக்கு என்ன வேலை?

‘கெவுடா’ கல் பற்றிப் பேருவளைக் கல் வியாபாரிகளுக்கு விளக்கத் தேவையில்லை. பால் கலந்தது போல மங்கலாக இருக்கும் அந்தக் கல் ஒரு காலத்தில் மிக மலிவாகக் கைமாறியது. 1970களின் பிற்பகுதியிலிருந்து தாய்லாந்து வியாபாரிகள் வந்து அதைப் பெருமளவில் வாங்கிச் சென்றார்கள். அங்கே 1,500 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் உலையில் வைத்தபோது, கல்லுக்குள் இருந்த இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்து நீல நிறத்தைக் கொடுத்தன. கல் நம்முடையது. சூடேற்றும் அறிவு அவர்களுடையது. இலாபத்தின் பெரும்பங்கும் அவர்களுக்கே போனது.

அறிவும் வியாபாரமும் வெவ்வேறு திசையில் நடந்தால் நட்டம் யாருக்கு என்பதற்கு இது நல்ல உதாரணம். இந்த இரண்டையும் ஒரே இடத்தில் சேர்ப்பதற்கு ஏற்பட்டவைதான் கூட்டுத் தொழில்நுட்ப நிலையங்கள். நமது நாட்டில் இதற்கு முக்கியமான எடுத்துக்காட்டு, 2008 இல் ஆரம்பிக்கப்பட்ட இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவகம். சுருக்கமாக ‘ஸ்லின்டெக்’ என்பார்கள். அரசாங்கத்துடன் பிரண்டிக்ஸ், டயலொக், ஹேலீஸ், லோட்ஸ்டார், எம்.ஏ.எஸ். ஆகிய ஐந்து கம்பனிகள் பங்காளிகளாகச் சேர்ந்தன. முதலில் பியகமவில் இயங்கிய நிறுவகம் பின்னர் ஹோமாகம, பிட்டிபனவுக்கு மாறியது.

இந்தப் பெயர்களைக் கவனியுங்கள். பிரண்டிக்சும் எம்.ஏ.எஸ்.சும் ஆடைத் தொழிலில் போட்டியாளர்கள். இவர்கள் ஏன் ஒரே கூரையின் கீழ் வந்தார்கள்? காரணம் செலவு. இலத்திரன் நுணுக்குக்காட்டி போன்ற ஒரு கருவியின் விலை மிகப் பெரிது. அதை இயக்கப் பயிற்சி பெற்றவர் வேண்டும், பராமரிக்க ஒப்பந்தம் வேண்டும். தனியொரு கம்பனி வாங்கினால் மாதத்தில் பெரும்பாலான நாட்கள் அது சும்மா கிடக்கும். பலர் சேர்ந்து வாங்கினால் செலவு பிரிகிறது, கருவியும் வேலை செய்கிறது. கருவியைப் பொதுவில் வைத்துக்கொண்டு, பொருளைச் சந்தையில் போட்டிபோட்டு விற்கலாம்.

பல்கலைக்கழகத்தைச் சேர்ப்பதில்தான் சிக்கல். விரிவுரையாளருக்கு ஆய்வுக் கட்டுரை வெளிவர வேண்டும், அவரது பதவி உயர்வு அதில் தங்கியிருக்கிறது. மாணவருக்குப் பட்டம் வேண்டும். முதலாளிக்கோ விடயம் வெளியே தெரியக் கூடாது. மூவரும் நல்லவர்களாக இருந்தாலும் பிணக்கு வரும். ஆகவே கூட்டு வியாபாரத்தில் செய்வது போல, வேலை தொடங்கும் முன்னரே எழுதிக்கொள்ள வேண்டியவை மூன்று. ஒவ்வொருவரும் முன்பே வைத்திருந்த அறிவு அவரவருக்கே சொந்தம் என்பது ஒன்று. புதிதாகக் கண்டுபிடிப்பதன் ஆக்கவுரிமை யாருக்கு, அதைப் பயன்படுத்தும் உரிமை யாருக்கு என்பது இரண்டாவது. ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்த பின்னரே கட்டுரை வெளியிடுவது என்பது மூன்றாவது. முதலில் வெளியிட்டுவிட்டால் பல நாடுகளில் அந்த உரிமையே கிடைக்காமல் போகலாம். நமது நாட்டின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆக்கவுரிமையின் காலம் 20 வருடங்கள். ஆகவே இந்த மூன்று வரிகளை அலட்சியமாக எழுதக் கூடாது.

ஸ்லின்டெக்கின் யூரியா ஆய்வைப் பார்ப்போம். வயலில் யூரியாவைப் போட்டால் அது விரைவாகக் கரைந்து, ஒரு பகுதி நீரோடும் இன்னொரு பகுதி காற்றோடும் போய்விடும். விவசாயி மறுபடியும் போட வேண்டும். பேராசிரியை நில்வலா கோட்டேகொட உள்ளிட்ட நமது ஆய்வாளர்கள், எலும்பிலும் பல்லிலும் உள்ள ஹைட்ரொக்சி அபடைட் என்ற கல்சியம் சேர்வையை மிக நுண்ணிய துகள்களாக்கி அதனுடன் யூரியாவைப் பிணைத்தார்கள். 6 பங்கு யூரியாவுக்கு 1 பங்கு துகள். 2017 இல் சர்வதேச ஆய்விதழொன்றில் வெளியான முடிவின்படி, யூரியா ஏறத்தாழ 12 மடங்கு மெதுவாக வெளியேறியது. நெல் வயல்களில் பாதியளவு யூரியாவைக் கொண்டே விளைச்சல் குறையாமல் கிடைத்தது.

ஆனால் இந்தத் தொழில்நுட்பத்திற்கான உரிமத்தைப் பெற்றது இந்தியாவின் நாகார்ஜுனா பசளைக் கம்பனி. உரிமம் கொடுப்பது பிழையல்ல, அதுவும் ஒரு வருமானம்தான். எனினும் 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீங்கும் வரை நமது விவசாயிகள் பட்ட பாட்டை நினைத்தால் மனம் கேட்கவில்லை. ஆய்வுகூடத்தில் கிராம் கணக்கில் செய்ததைத் தொழிற்சாலையில் தொன் கணக்கில் செய்யத் தனி முதலீடும் துணிவும் வேண்டும். அந்த இடத்தில் விஞ்ஞானி நின்றுவிடுவார். அதற்கு அப்பால் போக வேண்டியவர் வர்த்தகர். காரீய விடயத்தில் அப்படி ஒரு முயற்சி நடந்தது. நமது நாட்டுக் காரீயத்திலிருந்து கிராபீன் தயாரிக்க எல்.ஓ.எல்.சி. குழுமமும் ஸ்லின்டெக்கும் சேர்ந்து தனிக் கம்பனியே அமைத்தன.

இதெல்லாம் பெரிய கம்பனிகளுக்குத்தானே என்று சிறு வர்த்தகர்கள் ஒதுங்கிவிடக் கூடாது. பரிசோதனைக்கு, 1955 இல் ஆரம்பித்த பழைய சி.ஐ.எஸ்.ஐ.ஆர். நிறுவகத்தின் வழிவந்த கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் கொழும்பில் இருக்கிறது. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் கிழக்கு மக்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. ஆனால் போகும்போது சரியான கேள்வியோடு போக வேண்டும். மருதமுனை நெசவாளர் ஒருவர் “எங்கள் தொழிலை முன்னேற்றித் தாருங்கள்” என்று கேட்டால் எந்தப் பேராசிரியராலும் பதில் சொல்ல முடியாது. “இந்தச் சாரத்தின் சிவப்புச் சாயம் சில தடவை கழுவியதும் மங்குகிறது. காரணம் நூலா, சாயமா, தண்ணீரா?” என்று மாதிரித் துணியோடு கேட்டால் அது ஆய்வுக்கு உரிய கேள்வி. மாணவர் ஒருவரின் இறுதியாண்டு வேலையாகவும் அது அமையலாம்.

தனியாகச் செலவைத் தாங்க முடியாவிட்டால் பத்து நெசவாளர்கள் சேரட்டும், பத்து அரிசி ஆலைக்காரர்கள் சேரட்டும். ஊர்தோறும் வர்த்தக சங்கங்கள் இருக்கின்றன. வருடாந்தக் கூட்டத்தில் நிர்வாகிகளைத் தெரிவு செய்வதோடு நின்றுவிடாமல், உறுப்பினர்களின் தொழிலில் தீராத சிக்கல் மூன்றை எழுதி எடுத்து, அருகிலுள்ள பல்கலைக்கழகத்தின் கதவைத் தட்டட்டும். பங்கு விடயத்தை முதலிலேயே எழுத்தில் பேசிக்கொள்ளட்டும். நாம் கேட்காத கேள்விக்கு அவர்கள் விடை தேட மாட்டார்கள். அவர்கள் கண்ட விடையை நாம் எடுக்காவிட்டால் வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள்.