சென்னை மாகாணச் செப்புக்காசு

சென்னை மாகாணச் செப்புக்காசு என்பது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, சென்னை மாகாணத்தில் புழங்குவதற்காக இங்கிலாந்தில் அடித்து அனுப்பிய நாணயம் ஆகும். 1803, 1808 ஆகிய ஆண்டுகள் பொறித்த இக்காசுகள், பர்மிங்காம் அருகே மத்தியூ போல்ட்டன் நிறுவிய சோகோ நாணயச்சாலையில் நீராவி எந்திரங்களால் அடிக்கப்பட்டன. சென்னையின் தென்புறநகர்களில் சேகரிப்போர் கைக்கு எளிதில் வரும் பழைய ஆங்கிலேய நாணயங்களுள் இவையும் அடங்கும். தாம்பரம் மாநகராட்சிக்குட்பட்ட பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையில் பழைய பொருட்களோடு நாணயங்களும் விற்கப்படுகின்றன.

அமைப்பு

1803இல் 1, 5, 10, 20 காசு நாணயங்களும், 1808இல் 10, 20 காசு நாணயங்களும் வெளிவந்தன. அக்காலக் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். 20 காசு நாணயத்தின் எடை ஏறத்தாழ 9.3 கிராம், 10 காசு அதில் பாதி. 10, 20 காசு நாணயங்களின் ஒருபுறம் இரு சிங்கங்கள் தாங்கும் கம்பெனிச் சின்னமும் ஆண்டும் உள்ளன. மறுபுறம் பாரசீக எழுத்தும், உரோம எண்ணில் மதிப்பும் உள்ளன. இருபது காசு நான்கு ஃபலூசு என்பது 20 காசின் பாரசீக வாசகத்தின் பொருள்.

தரம் பிரித்தல்

நாணயத்தின் தேய்மான அளவே தரம் எனப்படும். குட், ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், புழங்காதது என்பன வழக்கிலுள்ள படிகளுட் சில. 1 முதல் 70 வரையிலான எண்முறையை 1949இல் அமெரிக்கரான வில்லியம் செல்டன் வகுத்தார்; அதுவும் முதலில் அமெரிக்கச் செப்பு சென்ட்டுகளுக்காகவே வகுக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

கம்பெனிக் காசில் முதலில் தேய்வது மேடான பகுதிகளாகும். எனவே சிங்கங்களின் உடலையும் கேடயத்தையும் உருப்பெருக்கியால் பார்க்க வேண்டும். அடுத்தது நிறம். புதுச்செம்பின் சிவப்பு நாளடைவில் பழுப்பாகும். சிவப்பு எஞ்சியிருந்தால் விலை கூடும். வீட்டுப் பித்தளைப் பாத்திரம்போலப் புளியிட்டுத் தேய்த்தால் இந்த இயற்கைப் படலம் அகன்று, மதிப்பும் பெருமளவு குறைந்துவிடும். அதனை மீட்க இயலாது. பச்சைப் பொடியாகப் பரவும் அரிப்பு மட்டுமே உடனடிக் கவனத்திற்குரியது. அத்தகைய காசை மற்றவற்றிலிருந்து பிரித்து ஈரமின்றி வைத்தல் வேண்டும்.

மதிப்பு

பழமை மட்டும் விலையை உயர்த்துவதில்லை. இதற்கு 1808ஆம் ஆண்டின் 10 காசு சிறந்த சான்று. இக்காசுகளை ஏற்றிச் சென்னைக்குப் புறப்பட்ட அட்மிரல் கார்டினர் என்னும் கப்பல், 1809 சனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பாலுள்ள குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980களில் அதிலிருந்து பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட காசுகள் மீட்கப்பட்டுச் சந்தைக்கு வந்தன. அதனால் இருநூறு ஆண்டு கடந்தும் இவை அரியவை அல்ல.

கடற்காசுகளுட் பலவற்றில் எழுத்துகள் கூர்மையாக இருந்தும் மேற்பரப்பு உப்பால் அரிக்கப்பட்டுச் சொரசொரப்பாக இருக்கும். தேய்மானமின்மையை மட்டும் கண்டு இவற்றைப் புழங்காத காசின் விலைக்கு வாங்குதல் கூடாது. சென்னையை எட்டிக் கைமாறிப் பழுப்பேறிய காசின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். சேகரிப்போருட் சிலர் சற்றுத் தேய்ந்திருந்தாலும் அதனையே விரும்புவர். உண்மையில் இங்கு செலவழிக்கப்பட்ட காசு அதுதானே.

போலிகள்

வார்ப்புப் போலிகளில் நுண்துளைகளும் விளிம்பில் இணைப்புக்கோடும் காணப்படலாம், எடையும் மாறுபடும். 1616, 1717, 1818 போன்ற ஆண்டுகளுடன் இராமர், அனுமன் உருவம் பொறித்துக் "கம்பெனி அரை அணா" என விற்கப்படுபவை பிற்காலத்தில் செய்யப்பட்டவை. கம்பெனி அவற்றை வெளியிட்டதில்லை. அரிசியை இழுக்கும் ஆற்றலுடைய காசு என்று கூறிப் பெருந்தொகை பறிக்கும் மோசடிகளில் இத்தகையவை பயன்படுவதுண்டு. செம்பைக் காந்தம் ஈர்க்காது. ஆதலால் ஒரு சிறு காந்தமே முதற்சோதனைக்குப் போதுமானது.

சட்டம்

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயங்களைத் தனியார் வெளிநாட்டிற்கு அனுப்ப இயலாது. வீடு கட்டத் தோண்டுகையில் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும்.