‘ஷெனானிகன்ஸ்’ முதல் ‘சேட்டை’ வரை: குறும்பைச் சுட்டும் சொற்கள்

முன்னுரை

ஜொகூர் மாநிலத்தின் வடமேற்கே, 1,276 மீட்டர் உயரமுள்ள லேடாங் மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் தங்காக். இங்கு வளரும் தமிழ்ச் சிறுவன் வீட்டில் தமிழையும், கடைத்தெருவில் மலாயையும் சீனத்தையும், தொலைக்காட்சியில் ஆங்கிலத்தையும் கேட்கிறான். அவன் செய்யும் ஒரே குறும்புக்கு ஒவ்வொரு மொழியும் ஒரு பெயர் சூட்டுகிறது. அப்பெயர்களுள் சிலவற்றின் தோற்றத்தையும் பொருளையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஆங்கிலச் சொல்லின் தோற்றம்

குறும்பையும் தந்திரத்தையும் விளையாட்டாகச் சுட்டும் ஆங்கிலச் சொல் ‘ஷெனானிகன்ஸ்’. தங்கவேட்டைக் காலத்துக் கலிபோர்னியாவில், 1855ஆம் ஆண்டளவில் இச்சொல் அச்சேறியது. இதன் மூலம் குறித்து அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. நரியைக் குறிக்கும் ‘ஷியொனாக்’ என்னும் ஐரிஷ் சொல்லோடு சிலர் இதனைத் தொடர்புபடுத்துவர். ஸ்பானிய, ஜெர்மானிய மூலங்களைக் காட்டுவோரும் உளர். நரி பற்றிய கருத்து உறுதிப்படாததாயினும், ‘நரித்தனம்’ என்னும் நம் வழக்கு இங்கு நினைவிற்கு வருகிறது. விலங்கைக் கொண்டு மனிதச் செயலை விளக்கும் இயல்பு பல மொழிகளுக்கும் பொதுவானது. ‘குரங்குச் சேட்டை’ என்பதும் அவ்வகையினதே.

தமிழ்ச் சொற்கள்

‘சேட்டை’ என்பது ‘சேஷ்டா’ என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். அசைவு, செயல் என்பனவே அதன் மூலப்பொருள். வெறும் அசைவைக் குறித்த சொல், காலப்போக்கில் அடங்காத அசைவைக் குறிக்கலாயிற்று. மூதேவியைக் குறிக்கும் ‘சேட்டை’ ‘ஜ்யேஷ்டா’ என்பதினின்று வந்த வேறொரு சொல்லாகும். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பிழை. ‘விஷமம்’ என்பது சமமின்மையையும், ‘அட்டகாசம்’ என்பது பெருஞ்சிரிப்பையும் முதலில் குறித்தன.

‘குறும்பு’ என்னும் சொல்லின் வரலாறு மேலும் சுவையானது. பழந்தமிழில் அது சிற்றரணையும் குறுநில மன்னரையும் குறித்தது. நாட்டின் இலக்கணம் கூறும் 735ஆம் குறளில் வேந்தனை அலைக்கும் பகையாக அது இடம்பெறுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி அரண், தீச்செயல் ஆகிய பொருள்களையும் பதிவு செய்துள்ளது. அரசை அச்சுறுத்திய சொல் இன்று குழந்தையைக் கொஞ்சும் சொல்லாகியுள்ளது. ஆங்கிலத்தின் ‘நாட்டி’ என்னும் சொல்லும் இத்தகையதே. ‘ஒன்றுமில்லை’ என்னும் பொருளுடைய சொல்லினின்று பிறந்த அது, முதலில் வறியவரையும் பின்னர் தீயவரையும் சுட்டி, 17ஆம் நூற்றாண்டில் அடங்காத பிள்ளையைச் சுட்டலாயிற்று.

முடிவுரை

இச்சொற்கள் ஒரே பொருளுடையனவாகத் தோன்றினும் ஒரே எடையுடையன அல்ல. ‘குறும்புக்காரன்’ என்பதில் அன்பு கலந்துள்ளது. ‘விஷமக்காரன்’ என்பதில் குற்றச்சாட்டு உள்ளது. ஒரு பிள்ளையைப் பெற்றோரும் ஆசிரியரும் எச்சொல்லால் நாள்தோறும் அழைக்கின்றனரோ, அச்சொல்லாலேயே அவன் தன்னை அறியத் தொடங்குகிறான். பன்மொழிச் சூழலில் இந்நுண்வேறுபாடுகள் மறைந்து, எல்லாக் குறும்பும் ‘நாட்டி’ என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிடுமாயின், நாம் இழப்பது சில சொற்களை மட்டுமன்று. கண்டிப்பிலும் கனிவு காட்டும் வழியையும் இழக்கிறோம். எனவே, இச்சொற்களை வேறுபாடறிந்து வழங்குவது நம் கடமை எனலாம்.