ஏசி லேபிளில் 11.8 பெரிதா, 5 பெரிதா?

அபிராமபுரத்தில் ஏசி வாங்கக் கிளம்பிய ஒரு குடும்பத்தார் நம்மிடம் கேட்ட கேள்வி இது. சவூதியில் வேலை பார்க்கும் மகன், அங்கே கடையில் பார்த்த ஏசியின் திறன் 11.8 என்கிறார். இங்கே மயிலாப்பூர் கடையில் 5 ஸ்டார் ஏசியிலேயே 5 என்றுதான் போட்டிருக்கிறது. அப்படியானால் அங்கிருந்தே கார்கோவில் அனுப்பச் சொல்லலாமா?

அவசரப்பட வேண்டாம். இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள்.

சவூதி லேபிளில் இருப்பது ஈ.ஈ.ஆர். ஒரு வாட் மின்சாரத்துக்கு, மணிக்கு எத்தனை பி.டி.யு. வெப்பத்தை ஏசி வெளியேற்றுகிறது என்பதே அந்த எண். நம் நாட்டு லேபிளில் இருப்பது ஐ.எஸ்.ஈ.ஈ.ஆர். இதில் வெளியேறும் வெப்பமும் வாட் கணக்கில்தான். ஒரு வாட் என்பது மணிக்கு 3.412 பி.டி.யு. எனவே சவூதி எண்ணை 3.412ஆல் வகுக்க வேண்டும். 11.8 என்பது 3.46 ஆகிவிடும். நம் 5ஐ 3.412ஆல் பெருக்கினால் 17க்குச் சற்று மேல் வரும்.

இதனால் மாறுவது அலகு மட்டுமே. சோதனை முறை மாறாது. ஈ.ஈ.ஆர். என்பது வெளியே 35 டிகிரி இருக்கும்போது முழு வேகத்தில் ஓடவிட்டு எடுப்பது. ஐ.எஸ்.ஈ.ஈ.ஆர். என்பது 24 முதல் 43 டிகிரி வரையிலான நம் நாட்டு வெயிலை, ஆண்டுக்கு 1600 மணி நேரம் எனக் கணக்கிட்டு எடுப்பது. வேகத்தைக் குறைத்து ஓடும் இன்வெர்ட்டர் ஏசிக்கு இதில் எண் கூடும். ஆகவே 3.46ஐயும் 5ஐயும் நேருக்கு நேர் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. தவிர, சவூதி மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. பொருந்துமா என்று விசாரிக்காமல் கார்கோவில் அனுப்பச் சொல்லாதீர்கள்.

ஸ்டாரை மட்டும் நம்புவதும் சரியல்ல. ஸ்பிளிட் ஏசிக்கு 2018இல் 4.5 இருந்தாலே 5 ஸ்டார். 2022 ஜூலை முதல் 5 தேவைப்பட்டது. முன்பு 4.6 வைத்து 5 ஸ்டார் வாங்கிய ஏசி, அதன்பின் 4 ஸ்டார்தான். பழைய சரக்கைத் தள்ளுபடியில் வாங்கும்போது லேபிளில் உள்ள ஆண்டையும் பாருங்கள்.

வீட்டுக் கணக்குக்கு எளிய வழி, லேபிளில் உள்ள ஆண்டு யூனிட்டை 1600ஆல் வகுப்பது. 800 யூனிட் என்றால் மணிக்குச் சராசரியாக அரை யூனிட். இரவு 8 மணி நேரம் வீதம் 60 நாளைக்கு 240 யூனிட். அதுவே 1200 யூனிட் ஏசி என்றால் 360. மே மாத வெயிலில் இன்னும் கூடும்.

இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் நம் மாநிலத்தில் கட்டண விகிதமே மாறிவிடுகிறது. அந்த 120 யூனிட் வித்தியாசமே நம்மை அந்தக் கோட்டைத் தாண்ட வைத்துவிடலாம். கடையில் விலையைக் கேட்கும் முன் லேபிளைப் படிப்போம். வீண் விரயம் தவிர்ப்போம்.