ஆம்ப் பிறகு வரட்டும்

வீட்டிலேயே ஒலிப்பதிவு – 9

1968 ஜூலை. லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் ‘ரெவல்யூஷன்’ பாட்டின் வேகமான வடிவத்தைப் பீட்டில்ஸ் குழு பதிவு செய்துகொண்டிருந்தது. கிட்டார் இன்னும் கரகரக்க வேண்டும் என்பது ஜான் லென்னனின் பிடிவாதம். ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக் ஆம்பிளிஃபயரை ஒதுக்கிவிட்டுக் கிட்டார்களை நேராக மிக்ஸிங் கன்சோலில் செருகினார். ஒரு ப்ரீஆம்பிலிருந்து வந்த சிக்னலை இன்னொரு ப்ரீஆம்புக்குள் அனுப்பி, தாங்க முடியாத அளவுக்கு அதைத் திணறடித்தார். அந்தப் பாட்டின் தொடக்கத்தில் காதைக் கிழிக்கும் கிட்டார் அப்படிப் பிறந்ததுதான். அதே பத்தாண்டில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மோட்டவுன் ஸ்டூடியோவும் கிட்டாரை நேராகக் கன்சோலில்தான் செருகியது. ஆனால் அவர்களுக்கு வேண்டியிருந்தது நேர்மாறான ஒன்று: தெளிவான, சுத்தமான ஒலி.

ஆகவே, ஆம்ப் இல்லாமல் கிட்டாரைப் பதிவு செய்வது கம்ப்யூட்டர் காலத்துக் குறுக்குவழி அல்ல. கம்ப்யூட்டர் தந்த வசதி ஒன்றே ஒன்றுதான். கிட்டாரை வெறுமையாகப் பதிந்து வைத்துக்கொண்டு, எந்த ஆம்ப், எந்த ஸ்பீக்கர், எவ்வளவு டிஸ்டார்ஷன் என்ற முடிவுகளையெல்லாம் பிறகு எடுக்கலாம். 1998இல் லைன் 6 நிறுவனம் ‘ஆம்ப் ஃபார்ம்’ என்ற பிளக்-இன்னை ப்ரோ டூல்ஸ் என்ற ஒலிப்பதிவு மென்பொருளுக்காகக் கொண்டுவந்தபோது, பெரிய ஸ்டூடியோக்களுக்கு இந்த வசதி கிடைத்தது. இன்று ஒரு சாதாரண லேப்டாப்பே போதும். பக்கத்து ஃப்ளாட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்போது ராத்திரி பதினொரு மணிக்கு முழு டிஸ்டார்ஷனோடு வாசிக்கலாம்.

ஆனால், ‘எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்பது உண்மையல்ல. பிறகு திருத்தவே முடியாத விஷயங்கள் சில உண்டு. அவற்றைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

முதல் விஷயம், கேபிளை எங்கே செருகுகிறோம் என்பது. கிட்டாரின் பிக்கப் என்பது காந்தமும், அதைச் சுற்றிப் பல ஆயிரம் சுற்றுகளாகச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பியும்தான். ஸ்டீல் தந்தி அதிரும்போது அந்தச் சுருளில் சின்னதாக ஒரு மின்னழுத்தம் பிறக்கிறது. இந்தச் சிக்னலுக்கு வலு குறைவு. எதிரே இருக்கும் கருவி அதிலிருந்து கொஞ்சம் கூடுதலாக மின்னோட்டத்தை இழுத்தாலே துவண்டுபோகும். அதனால்தான் கிட்டார் ஆம்ப்களின் உள்ளீட்டு மின்தடை பொதுவாகப் பத்து லட்சம் ஓம் அளவில் இருக்கிறது. ஆடியோ இன்டர்ஃபேஸில் கீபோர்டுக்கென்று இருக்கும் லைன் உள்ளீட்டின் மின்தடையோ பத்தாயிரம் ஓமையொட்டித்தான் இருக்கும். கிட்டாரை அதில் செருகினாலும் சத்தம் வரும். ஆனால் மேல் ஸ்தாயியின் மினுமினுப்பு செத்துப்போயிருக்கும். பிறகு ஈக்யூ வைத்து ட்ரெபிளை எவ்வளவு ஏற்றினாலும் இரைச்சல்தான் ஏறும். போன உயிர் திரும்பாது. இன்டர்ஃபேஸில் ‘இன்ஸ்ட்’ என்றோ ‘ஹை-இசட்’ என்றோ எழுதிய பட்டனோ, குட்டிக் கிட்டார் படமோ இருக்கும். அதை அழுத்திய பிறகே பதிவைத் தொடங்குங்கள். அந்த வசதி இல்லாத இன்டர்ஃபேஸ் என்றால் ஒரு டிஐ பாக்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது அளவு. பாட்டில் வரும் ஆக உரத்த கார்டை, நிஜமாக வாசிக்கும் வேகத்திலேயே அடித்துப் பார்த்து கெயினை வையுங்கள். மீட்டர் மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவே எட்டிப் பார்த்தால் போதும். 24 பிட் பதிவில் அதற்கு மேல் ஏற்றுவதால் ஒரு லாபமும் இல்லை. சிவப்பு விளக்கு எரிந்தால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுவிடும். பிளக்-இன் தரும் டிஸ்டார்ஷன் இதமாக இருக்கும். இந்த வெட்டு தரும் டிஸ்டார்ஷன் வெறும் வெடிப்புதான்.

மூன்றாவது, இரைச்சல். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒற்றைச் சுருள் பிக்கப் இருக்கும் கிட்டாரைக் கையில் எடுத்தாலே அந்த ‘ம்ம்ம்’ ஒலியும் கூடவே வரும். வெறும் டிராக்கில் அது காதுக்கே எட்டாமல் இருக்கலாம். ஆனால் டிஸ்டார்ஷன் சின்ன ஒலிகளையெல்லாம் தூக்கிவிடும் என்பதால், ஆம்ப் பிளக்-இன் போட்டதுமே இரண்டு சொற்றொடர்களுக்கு நடுவிலுள்ள மௌனம் முழுக்க அந்த இரைச்சல் நிரம்பிவிடும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே மெல்லத் திரும்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் இரைச்சல் சட்டென்று தணியும். அந்தத் திசையிலேயே உட்கார்ந்து வாசியுங்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். எர்த் இல்லாத பிளக் பாயின்ட் உள்ள பழைய வீடுகளில் அது பெரிய மாற்றத்தைத் தரும்.

இந்த மூன்றையும்விட முக்கியம் என்று நான் நினைப்பது வாசிப்பவரின் காது. வெறும் டிராக்கைத் தனியாகக் கேட்டால் ரப்பர் பேண்டைச் சுண்டியது போலிருக்கும். அந்த ஒலியைக் கேட்டுக்கொண்டே வாசிப்பவரின் கை தானாக மாறிவிடும். ஸ்வரம் சீக்கிரம் அடங்கிவிடுகிறதே என்று பிக்கை அழுத்தி அடிப்பார். பக்கத்துத் தந்திகள் லேசாக அதிர்வது கேட்காததால் அவற்றை உள்ளங்கையால் அணைக்க மாட்டார். பிறகு அதே டிராக்கில் உரத்த மார்ஷல் வகை ஆம்பைப் போட்டால் ஒவ்வொரு அடியும் முரட்டுத்தனமாக விழும். அணைக்காமல் விட்ட தந்திகள் ஊளையிடும். ஆம்ப் என்பது முடிவில் பூசும் வண்ணம் அல்ல. கை என்ன செய்ய வேண்டும் என்று கணத்துக்குக் கணம் கைக்குச் சொல்வதும் அதுதான்.

அதனால் பதிவது வெறும் ஒலியாக இருந்தாலும், ஹெட்போனில் கேட்பது ஆம்ப் ஒலியாகவே இருக்கட்டும். மென்பொருளில் இதற்குச் சிரமமே இல்லை. டிராக்கில் பிளக்-இன் போட்டுவிட்டு வாசித்தால், டிஸ்க்கில் பதிவது பிளக்-இன்னுக்கு முந்தைய ஒலிதான். இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டரை மட்டும் மறக்காமல் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் வெறும் ஒலியும் ஆம்ப் ஒலியும் சேர்ந்து கேட்கும்.

இதில் வரும் தொல்லை தாமதம். 48,000 ஹெர்ட்ஸில் பஃபரை 128 சாம்பிள் என்று வைத்தால், ஒரு பஃபருக்கு 2.7 மில்லிசெகண்ட். உள்ளே போகும் வழி, வெளியே வரும் வழி, கன்வெர்ட்டர்கள் என எல்லாம் சேர்ந்து அதைப் போல் சில மடங்காகும். பயப்பட வேண்டாம். காற்றில் ஒலி ஒரு மில்லிசெகண்டில் போவது ஏறக்குறைய 34 சென்டிமீட்டர்தான். மேடையில் ஆம்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் கலைஞர் ஒன்பது மில்லிசெகண்ட் தாமதத்தோடுதான் வாசிக்கிறார். பஃபர் 1024இல் கிடந்தால் மட்டும் தாளம் கையை விட்டு நழுவும். பதிவின்போது குறைத்து வையுங்கள், மிக்ஸிங்கின்போது ஏற்றிக்கொள்ளுங்கள்.

மென்பொருளால் தர முடியாத ஒன்றும் இருக்கிறது. உரத்த ஸ்பீக்கர் முன் நிற்கும்போது, அதன் ஒலி காற்று வழியே வந்து தந்தியைத் திரும்பவும் அதிரவைக்கும். ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் கையில் ஸ்வரம் தேயாமல் நீண்டு, வேறொரு ஸ்வரமாகப் பூத்ததற்கு இந்தச் சுழற்சிதான் காரணம். ஹெட்போன் மாட்டியிருப்பவருக்கு அது கிடைக்காது. அறையில் மானிட்டர் ஸ்பீக்கரை உரக்க வைத்து அருகில் நின்றால் ஓரளவுக்கு வரும்.

பதிவு முடிந்ததும் பெரும்பாலோர் செய்வது, ஆம்ப் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது. நேரம் விரயமாவது அங்கேதான். ஒலி பிடிக்கவில்லையென்றால் முதலில் கேபினெட்டை, அதாவது ஸ்பீக்கர் பெட்டியைக் கவனியுங்கள். கிட்டார் ஆம்பின் 12 அங்குல ஸ்பீக்கர், 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏறக்குறைய வாயை மூடிக்கொள்ளும். டிஸ்டார்ஷன் உண்டாக்கும் கூர்மையான மேல் ஒலிகளை வடிகட்டுவது இந்தக் குறைதான். கேபினெட் பகுதியை ஒரு நிமிடம் அணைத்துக் கேளுங்கள்: எத்தனை விலை உயர்ந்த ஆம்ப் பிளக்-இன்னாக இருந்தாலும் காதைக் கீறும் இரைச்சலாகிவிடும்.

அந்த ஸ்பீக்கரை மென்பொருளுக்குள் கொண்டுவருவது ‘இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்’ என்ற சிறு ஆடியோ ஃபைல். பேச்சு வழக்கில் ஐஆர். அடியிலிருந்து உச்சிவரை ஏறும் ஓர் ஒலியை நிஜ ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு, எதிரே வைத்த மைக்கில் பதிந்து, அதிலிருந்து கணக்கிட்டு எடுக்கிறார்கள். ஸ்பீக்கர், மைக், மைக் இருந்த இடம் மூன்றும் சேர்ந்த கைரேகை அது. ஷூர் எஸ்எம்57 மைக்கைக் கூம்பின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி இரண்டு விரற்கடை நகர்த்தினாலே கூர்மை போய் இதம் வந்துவிடும். ஆம்பை மாற்றுவதால் வரும் வித்தியாசத்தைவிட ஐஆரை மாற்றுவதால் வரும் வித்தியாசம் பல சமயம் பெரிது. டிலேயும் ரிவெர்பும் பெரும்பாலும் கேபினெட்டுக்குப் பிறகு. ஓவர்டிரைவும் வா-வா பெடலும் ஆம்புக்கு முன்பு.

வெறும் டிராக் கையில் இருந்தால் இன்னொரு கதவும் திறக்கும். ரீஆம்ப் பாக்ஸ் வழியே அதை நிஜ ஆம்புக்கு அனுப்பி, மைக் வைத்து மறுபடி பதியலாம். ஸ்டீவன் அட்கின்சன் உருவாக்கி இலவசமாகத் தந்திருக்கும் ‘நியூரல் ஆம்ப் மாடலர்’ இதிலிருந்து ஒரு படி மேலே போகிறது. குறிப்பிட்ட ஓர் ஆடியோ ஃபைலை உங்கள் ஆம்புக்குள் அனுப்பி, வெளியே வருவதைப் பதிந்து கொடுத்தால் போதும். இரண்டையும் ஒப்பிட்டு அந்த ஆம்பின் நடத்தையை அது கற்றுக்கொள்ளும். நண்பரின் பழைய வால்வ் ஆம்பை ஒரு மாலை கடன் வாங்கினால், அதன் குரலைக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. ஒரே டிராக்கை நகலெடுத்து, இடப்பக்கம் ஓர் ஆம்ப், வலப்பக்கம் வேறோர் ஆம்ப் போட்டு ‘இரண்டு கிட்டார்’ ஆக்கப் பார்ப்பவர்கள் அதிகம். அகலம் கொஞ்சம் கூடுமே தவிர, இரண்டு கிட்டார் ஆகாது. இருமுறை வாசிக்கும்போது அடிகளுக்கு நடுவே விழும் நூலிழை வித்தியாசம்தான் இரட்டை கிட்டாரின் அகலம். அதனால் ரிதம் பகுதியை இரண்டாம் முறையும் வாசித்துப் பதியுங்கள். பிடித்த ஒலி கிடைத்த அன்றே அதை ஆம்ப் ஒலியோடு தனி டிராக்காக எடுத்து மிக்ஸில் வையுங்கள். வெறும் டிராக்கை மியூட் செய்து, பாட்டின் வேகம், சுருதி, எந்தக் கிட்டார், எந்த பிக்கப் என்ற விவரங்களைப் பெயரிலேயே எழுதி, அதே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள்.

(அடுத்த இதழில்: பேஸ் கிட்டார்)